கார்புரேட்டரைத் திட்டும் முன்: பழைய ஜிப்சியின் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கார்புரேட்டர் ஜிப்சி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது "பேசாமல் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை இறக்கிவிடலாமா?" என்று யோசித்திருப்பார். (கார்புரேட்டர் என்பது காற்றின் இழுப்பில் பெட்ரோலைக் கலந்து விடும் பாகம்; எம்.பி.எஃப்.ஐ. என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை.) பெரும்பாலும் அந்த யோசனை வருவது நடுவழியில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான். அந்த நேரத்தில் முடிவு எடுக்காதீர்கள். கார்புரேட்டர் தலையில் விழும் பழியில் முக்கால்வாசி ஒரு விரிசல் விட்ட ரப்பர் டியூப்புக்கோ, அடைத்த ஃபில்டருக்கோ, தேய்ந்த பிளக்குக்கோ உரியது. அதைச் சரி செய்யாமல் இன்ஜினை மாற்றினால் கோளாறும் கூடவே புது இன்ஜினுக்குக் குடி வந்துவிடும்.

மாருதி ஜிப்சி 1985 கடைசியில் வந்தபோது 970 சி.சி., நாலு சிலிண்டர், 45 குதிரைத்திறன். 1996இல் வந்த ஜிப்சி கிங்குக்கு 1298 சி.சி., 60 குதிரைத்திறன், அதுவும் கார்புரேட்டர்தான். 2000இல்தான் அதே 1298 சி.சி.க்கு 16 வால்வும் எம்.பி.எஃப்.ஐ.யும் வந்து 80 குதிரைத்திறன் ஆனது. இங்கே சொல்வது முதல் இரண்டு வகைக்கு. மற்ற பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் நாலு விஷயம்: பிளக், ஏர் ஃபில்டர், இக்னிஷன் டைமிங், டேப்பட் இடைவெளி. இந்த நாலும் சரியாக இல்லாத இன்ஜினில் கார்புரேட்டர் ட்யூனிங் செய்வது சாய்ந்த மேஜையில் தராசு வைப்பது மாதிரி. பிளக்கைக் கழற்றும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. நாலு பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால், நாலு சிலிண்டருக்கும் பொதுவான கார்புரேட்டரைச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. அந்த ஒரு சிலிண்டரின் வயர், வால்வு, மேனிஃபோல்டு கேஸ்கெட் பக்கம் போங்கள்.

காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரிதான் இறங்குகிறது

ஒரு வாரம், பத்து நாள் நின்ற வண்டி என்றால் முதலில் இது கோளாறே இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகியிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் பெட்ரோலை இழுக்கும். பத்து நொடி செல்ஃப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்து நொடி. கிண்ணம் நிறைந்ததும் பிடித்துக்கொள்ளும்.

தினமும் ஓடும் வண்டி இப்படிச் செய்தால், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு யாரையாவது சோக்கை இழுக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் சோக் தகடு வாயை முழுசாக மூட வேண்டும். பாதியில் நின்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சோக் சரி என்றால் பம்ப்பைப் பாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் பம்ப் டயாஃப்ரமோ, ஃபில்டரோ, டேங்க் பக்கத்து டியூபோ போயிருக்கிறது. இதைச் சூடான இன்ஜினில் செய்யாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாமல் அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் துருத்தூள் படிந்தாலோ, தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ வேலை டேங்கில் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க அரை டேங்கோடு ஷெட்டில் நின்ற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

ஐடிலிங் நிற்கவில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது

ஐடிலிங் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானாக ஓடுவது. அதிக ஆட்கள் அதிகப் பணம் தொலைப்பது இந்த அறிகுறியில்தான், நானும் தொலைத்திருக்கிறேன். என் வண்டியின் கார்புரேட்டர் ஒரே கோடையில் மூன்று தடவை கழற்றிக் கழுவப்பட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றவே இல்லை. ஐடிலிங்கில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே திருப்பிக் காட்டினார். இன்ஜின் சத்தம் மாறவே இல்லை.

"பாத்தீங்களா தம்பி, இவன் பேச்சை இன்ஜின் கேக்கவே மாட்டேங்குது. காத்து வேற எங்கயோ போகுது."

பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்யூம் டியூபின் அடிப்பக்கம், கிளிப்புக்குக் கீழே, நகம் அளவு விரிசல். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் டியூப் கொஞ்சம் நகர்ந்து விரிசல் மூடிக்கொள்ளும். அதுதான் அந்த இரண்டு நாள் அதிசயம்.

அவர் செய்த சோதனையை நீங்களே செய்யலாம். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும், சோக் முழுசாகத் திறந்திருக்கட்டும். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். இன்ஜின் தடுமாற வேண்டும். வெளியே திருகினால் தெளிந்து வேகம் கூட வேண்டும். இப்படி மாறினால் ஐடிலிங் பாதை உயிரோடு இருக்கிறது. வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் 850, 900 சுற்றுக்கு இறக்கி, மறுபடி ஒரு தடவை மிக்சரைப் பார்த்தால் வேலை முடிந்தது. பெரும்பாலும் முழுசாக மூடிய நிலையிலிருந்து ஒன்றரை முதல் மூன்று சுற்றுக்குள் சரியான இடம் வந்துவிடும். மூடும்போது மட்டும் இறுக்காதீர்கள். முனை ஊசி மாதிரி இருக்கும். அழுத்தினால் உட்காரும் இடத்தில் தழும்பு விழுந்து, அப்புறம் எந்தக் காலத்திலும் ட்யூன் ஆகாது.

திருகியும் மாறவில்லையா? மூன்று இடம் பாருங்கள். ஒன்று, ஐடிலிங் சோலனாய்டு, அதாவது சாவி ஆன் செய்ததும் ஐடிலிங் பெட்ரோல் பாதையைத் திறக்கும் மின்சார வால்வு. சாவியை ஆன் செய்து அதன் வயரைப் பிடுங்கி மறுபடி தொட்டால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கரண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வந்தால் சோலனாய்டை மாற்றுங்கள். இரண்டு, ஐடிலிங் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளை) அடைப்பு. காற்றடித்து ஊதுங்கள், பிடிவாதம் பிடித்தால் தூண்டில் நரம்பை விடுங்கள். செம்புக் கம்பி, ஊக்கு எல்லாம் வேண்டாம். பித்தளைத் துளை அகன்றுவிடும். மூன்று, காற்றுக் கசிவு. ஒவ்வொரு வேக்யூம் டியூபாக மூக்குக் குறடால், துணி சுற்றி, நசுக்கிப் பிடியுங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் திருந்துகிறதோ அதுதான் ஆள். எல்லா டியூபும் சுத்தம் என்றால் கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் தடித்த கேஸ்கெட் மேல் தண்ணீர் ஸ்ப்ரே அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலே தெளிப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஒரு சாண் தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிதித்ததும் மூச்சடைக்கிறது

இது சுலபம். இன்ஜினை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் த்ராட்டிலைத் திறந்தால் ஒரு சின்னக் குழாயிலிருந்து பெட்ரோல் நூல் மாதிரி, உடனே, பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ சொட்டினாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் கெட்டிப்பட்டுவிட்டது. பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது. ரிப்பேர் கிட் வாங்கும்போது டயாஃப்ரம், நீடில் வால்வு (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி), கேஸ்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பீய்ச்சுவது நன்றாக இருந்தும் மூச்சடைத்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸை (வேக்யூமை வைத்து ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் பாகம்) பாருங்கள்.

மலை ஏறினால் கறுப்புப் புகை, சமவெளியில் ஒன்றுமில்லை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று நுழையும் வேகத்தை வைத்துத்தான் பெட்ரோலை விடுகிறது. அதனால் அங்கே கலவையில் பெட்ரோல் சுமார் பத்து சதவீதம் கூடிவிடும். இழுவை குறைவதும் லேசாகப் புகை வருவதும் இயல்பு. கீழே இறங்கியதும் தானாகச் சரியாகும். ஒரு நாள் பயணத்துக்காக ஜெட் மாற்றாதீர்கள். மலையிலேயே வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நம்பர் சிறிய மெயின் ஜெட் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. இப்போதைய இ20 பெட்ரோல் (இருபது சதவீதம் எத்தனால் கலந்தது) எரிவதற்கு, பழைய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். ஒரு பங்கு சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20க்கு 13.5 பங்கு அளவில்தான். அதாவது அதே ஜெட்டில் கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டுபோகும். பழைய ஜிப்சி ஊட்டியில் நன்றாக ஓடி, சமவெளியில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து விட்டு இழுத்து விட்டுப் போனால், பிளக்கும் வெளுத்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். அப்போது மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். துளையின் விட்டம் 4 சதவீதம் கூடினாலே பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். அதனால் தாவித் தாவி ஏற்ற வேண்டாம். ட்ரில் வைத்து அகலப்படுத்தவே வேண்டாம்.

சமவெளியிலும் கறுப்புப் புகை வந்தால் அது வேறு. சோக் முழுசாகத் திறக்கவில்லை, அல்லது ஃப்ளோட் கிண்ணம் வழிகிறது.

டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது

இன்ஜின் நின்றதும் காற்றும் கூலண்ட்டும் ஓடாது. சூடு மேலே ஏறி கார்புரேட்டரைக் கொதிக்க வைக்கும். கிண்ணத்துப் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் வழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, மிதித்தபடியே வைத்து, செல்ஃப் அடியுங்கள். பம்ப் அடிப்பது மாதிரி மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோலைத்தான் ஊற்றுகிறீர்கள். பெட்ரோல் வாடையே இல்லை, பிளக்கும் காய்ந்திருக்கிறது என்றால் பம்ப்பிலோ டியூபிலோ ஆவி கட்டிவிட்டது. அம்பாசடர் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்களே, அதே வைத்தியம்தான். நிரந்தரத் தீர்வுக்கு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சூடு தடுக்கும் தடித்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் வேலை பார்த்தவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்லிய கேஸ்கெட் போட்டிருப்பார். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டியூபை அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

சரிவில் சாய்ந்தால் ஆஃப்

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை பராமரிப்புக் கோளாறு. இது, மலைப் புகை மாதிரியே, கார்புரேட்டரின் பிறவிக் குணம்.

ஃப்ளோட் கிண்ணம் என்பது ஒரு சின்னத் தொட்டி. தொட்டி மட்டமாக இருக்கும் என்று நம்பித்தான் ஜெட்டும் மிதவையும் வைத்திருக்கிறார்கள். வண்டி முப்பது டிகிரி மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். ஜெட் இருக்கும் பக்கம் ஒதுங்கினால் வழிந்து இன்ஜின் மூழ்கும். எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் ஜெட் காற்றைக் குடிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் வைத்தியம் நேர் எதிர். நிற்கும் முன் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, மறுபடி ஸ்டார்ட் செய்ய முழு ஆக்சிலரேட்டர் தேவை என்றால் மூழ்கல். சத்தமில்லாமல் இரண்டு இருமல் இருமி நின்று, மட்டத்துக்கு வந்ததும் உடனே பிடித்துக்கொண்டால் வறட்சி.

மூழ்கினால் முதலில் நீடில் வால்வு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கார்புரேட்டர்களில் கிண்ணத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும். மட்டமான இடத்தில் ஐடிலிங்கில் பெட்ரோல் அதன் குறியில் நிற்க வேண்டும். அப்புறம் ஃப்ளோட் நாக்கை வளைத்து மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள், ஒரே தடவையில் அதற்கு மேல் வேண்டாம். கிண்ணத்தின் காற்றுத் துளை வழியாக வழிந்தால் அதற்கு ஒரு டியூப் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். யாராவது எலக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் அதன் அழுத்தத்தைச் சோதியுங்கள். மூன்று நாலு பி.எஸ்.ஐ. போதும், அதைத் தாண்டினால் பம்ப்பே நீடில் வால்வைத் தள்ளித் திறந்துவிடும். வறட்சி என்றால் மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் ஏற்றலாம், ஆனால் அடுத்த சரிவில் எதிர்த்திசையில் மூழ்கும். இந்த இழுபறியில் ஓரளவுதான் போக முடியும்.

ஒரு எச்சரிக்கை. பூஸ்டர் உள்ள வண்டியில், சரிவில் இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிதான் லேசான பிரேக் மிச்சம் இருக்கும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதனால் நின்றதும் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்துவிட்டுத்தான் செல்ஃப் பக்கம் கை போக வேண்டும்.

உங்கள் வண்டி மாதம் ஒரு முறை வால்பாறை, கொல்லிமலை என்று தார்ச்சாலை வளைவுகளில் ஓடுவதுதான் என்றால் இந்த அறிகுறி அநேகமாக வராது. கார்புரேட்டரே போதும். வாராவாரம் பாறையிலும் ஓடையிலும் ஏற்றி இறக்குபவர் என்றால், அல்லது மலைக்கும் சமவெளிக்கும் தினமும் போய் வருபவர் என்றால் எம்.பி.எஃப்.ஐ.க்குச் செலவு செய்யலாம். 'மைலேஜ் கூடும்' என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் பெட்ரோல் மிச்சத்தில் மாற்றிய செலவை எடுக்க நெடுங்காலம் ஆகும்.

மாற்றுவது என்றால் என்னென்ன வேண்டும்

கழித்த எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியிலிருந்து முழு இன்ஜினையும் எடுப்பதுதான் தலைவலி குறைந்த வழி. இன்ஜின், மேனிஃபோல்டு, ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), எல்லா சென்சாரும், வெட்டாத வயரிங், பம்ப்போடு டேங்க், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். 'எஸ்டீம் இன்ஜினும் அதே 1298 சி.சி.தானே' என்று வாங்குபவர்கள் உண்டு. அங்கே இன்ஜின் குறுக்கே உட்காரும், ஜிப்சியில் நெடுக்கே. மேனிஃபோல்டும் மவுண்டிங்கும் லேத் பட்டறையில் நாள் கணக்கில் உட்காரும்.

பெட்ரோல் லைன் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்புரேட்டருக்கு கால் பார் அழுத்தம். இன்ஜெக்டருக்கு இரண்டரை, மூன்று பார். பழைய டியூபும் பழைய கிளிப்பும் அப்படியே இருந்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்னொன்று: இன்ஜின் மாற்றம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி முன்அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். மாட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்

சாவி ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த், இந்த வரிசையில். பம்ப் ஓடியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கிராங்க் பக்கத்து சென்சாரும் அதன் கனெக்டரும். தண்ணீரில் இறங்கி ஏறிய மறுநாள் வரும் கோளாறு எல்லாமே ஏறக்குறைய கனெக்டரில் பச்சை பூத்திருப்பதுதான்.

ஐடிலிங் 800க்கும் 1,500க்கும் இடையே ஊஞ்சல் ஆடினால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். மேலே சொன்ன மூக்குக் குறடு சோதனையை இங்கேயும் செய்யுங்கள். காற்றுக் கசிவுக்குக் கார்புரேட்டர், எம்.பி.எஃப்.ஐ. என்ற பேதமெல்லாம் கிடையாது. அது சுத்தம் என்றால் த்ராட்டில் சென்சாரில் மீட்டர் வையுங்கள்: மூடியிருக்கும்போது அரை வோல்ட் சுமார், மெதுவாகத் திறந்தால் தாவாமல் நாலு வோல்ட் வரை ஏற வேண்டும். சூடான இன்ஜினில் பெட்ரோல் வாடையும் புகையும் வந்தால் கூலண்ட் சென்சார். குளிரில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல், எண்பது டிகிரியில் முந்நூறு சுமார் காட்ட வேண்டும். அது போய்விட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது என்று ஈ.சி.யு. நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: எம்.பி.எஃப்.ஐ. போட்ட பிறகும் சரிவில் ஆஃப் ஆவது. நண்பர் ஒருவர் வண்டியில் இது நடந்தது. பழைய டேங்கையே வைத்துக்கொண்டு வெளியே பம்ப் மாட்டியிருந்தார். கார்புரேட்டர் காலத்தில், டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினாலும் கிண்ணத்தில் இருப்பது சில நொடிக்குத் தாங்கும். இன்ஜெக்டருக்கு அந்தக் கிண்ணமே கிடையாது. பம்ப் ஒரு மடக்குக் காற்றைக் குடித்தால் அழுத்தம் விழுந்து இன்ஜின் உடனே நிற்கும். டேங்குக்குள் தடுப்புத் தகடும் பம்ப்பைச் சுற்றிக் கிண்ணமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு லிட்டர் அளவில் சின்ன டேங்க் வைத்து அதிலிருந்து இன்ஜெக்டருக்கு அனுப்ப வேண்டும். அதை அப்புறம் செய்தோம். அன்றைக்கு, பெட்ரோல் காட்டும் முள் கால் டேங்குக்குக் கீழே இருந்தது. பின்னால் கட்டியிருந்த ஐந்து லிட்டர் கேனை ஊற்றிவிட்டு அதே ஏற்றத்தில் மறுபடி விட்டார். ஏறிவிட்டது.